தள்ளுவது எது? இழுப்பது எது?



இயற்பியல் பயிலும் மாணவர்களிடமிருந்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "பாடம் புரிகிறது, ஐயா, கணக்குத்தான் வரவில்லை" என்பார்கள். நியூட்டனின் மூன்று விதிகளையும் ஒரு சொல் பிறழாமல் ஒப்பிப்பார்கள். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை கிடைக்கும் என்பதையும் அறிவார்கள். ஆயினும் ஒரு வாளியோ, வண்டியோ, கயிறோ வினாத்தாளில் வந்து நின்றவுடன் கை தயங்கிவிடுகிறது. எந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணை இடுவது என்று மனம் தேடத் தொடங்குகிறது. வழி தவறுவது அந்த இடத்தில்தான்.

இது கணிதத்தில் உள்ள குறையன்று. விசைக் கணக்குகளில் வரும் கூட்டலும் பெருக்கலும் எட்டாம் வகுப்பு மாணவனுக்கே எளியவை. சூத்திரத்துக்கு முன்னே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமல் விடுவதே குறை. "இந்தப் பொருளைத் தள்ளுவது எது? இழுப்பது எது?" என்பதே அக்கேள்வி. இதனை உரிய இடத்தில் கேட்கப் பழகிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்ததாகக் கொள்ளலாம். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சில கணக்குகளைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

முதலில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் முதலாண்டு படித்தபோது தேர்வில் ஒரு வினா வந்தது. செங்குத்தாக மேலே எறியப்பட்ட கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் யாது என்பது வினா. உச்சியில் கல் ஒரு கணம் நிற்கிறது. ஆகவே முடுக்கம் சுழி என்று நான் தயங்காமல் எழுதினேன். விடைத்தாளைத் திருப்பித் தந்த ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, உச்சியில் வேகமும் இல்லை, முடுக்கமும் இல்லை என்றால் அந்தக் கல் எப்படிக் கீழே வரும்? அங்கேயே தொங்கிக்கொண்டு இருக்குமே! அப்படித் தொங்கும் கல்லை எங்கேனும் பார்த்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அக்கேள்வி என்னை உறங்க விடவில்லை. கல் மேலே செல்லும்போதும், உச்சியில் நிற்கும்போதும், கீழே இறங்கும்போதும் பூமி அதனை ஒரே அளவாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுப்பு மாறாதபோது முடுக்கம் எப்படி மாறும்? வேகத்தையும் வேக மாற்றத்தையும் நான் ஒன்றெனக் கொண்டிருந்தேன்.

இத்தவறு எனக்கு மட்டும் உரியதன்று. மனித இனமே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இதனைச் செய்துவந்தது. ஒரு பொருள் இயங்க வேண்டுமானால் அதனை ஏதேனும் ஒன்று இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். அன்றாட அனுபவமும் அதற்குத் துணை நின்றது. வண்டியை இழுப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது அன்றோ? வண்டி தானாக நிற்பதில்லை, உராய்வு என்னும் மற்றொரு விசை அதனை நிறுத்துகிறது என்பதைக் காண ஒரு கலிலியோ தேவைப்பட்டார்.

கலிலியோ மரப்பலகையில் வழவழப்பான பள்ளம் ஒன்றை வெட்டி, அதனைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை அதில் உருளவிட்டார். நேராக விழும் பொருள் கண்ணுக்கு எட்டாத விரைவில் விழுந்துவிடுகிறது. சாய்தளத்தில் அதே இயக்கம் மெதுவாக நிகழ்வதால் அளக்க முடிகிறது. வினாடி காட்டும் கடிகாரம் அவரிடம் இல்லை. பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகிய நீரைப் பிடித்து, அதன் எடையைக் கொண்டு காலத்தைக் கணித்தார். சமமான அடுத்தடுத்த கால இடைவெளிகளில் குண்டு கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமைந்திருந்தன. இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16 என வரும். கடக்கும் மொத்தத் தூரம் காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது வேகம் ஒரே சீராக ஏறுகிறது. இம்முடிவுகள் அடங்கிய அவருடைய நூல் 1638ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் அச்சேறியது. அப்போது அவர் இத்தாலியில் வீட்டுக் காவலில் இருந்தார், கண்பார்வையும் இழந்திருந்தார்.

1687ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரின்சிப்பியா' என்னும் நூலில் நியூட்டன் இதனை விதியாக வகுத்தார். விசை வேகத்துக்குக் காரணமன்று. வேக மாற்றத்துக்கே காரணம். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வேகத்தை ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் கூட்டும் விசையை இன்று 1 நியூட்டன் என்கிறோம். தடையின்றி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது. சுருக்கமாக, அதன் முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். ஆகவே ஒரு கிலோகிராம் நிறையைப் பூமி இழுக்கும் விசை 9.8 நியூட்டன்.

இனிக் கணக்குக்கு வருவோம். எந்த விசைக் கணக்கையும் ஐந்து படிகளில் அணுகலாம். முதலாவது, ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, உலகின் மற்றப் பொருள்களிலிருந்து மனத்தால் பிரித்து வையுங்கள். இரண்டாவது, அந்தப் பொருளைத் தள்ளுவனவும் இழுப்பனவும் எவை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். 'பூமி இழுக்கிறது', 'கயிறு இழுக்கிறது', 'தரை தாங்குகிறது' என்று செய்பவர் பெயரோடு சொல்ல வேண்டும். செய்பவர் பெயர் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒரு விசை இல்லை. மூன்றாவது, ஒவ்வொரு விசையையும் அம்புக்குறியாக வரையுங்கள். நான்காவது, ஒரு திசையைக் கூட்டல் திசையாகக் கொண்டு, விசைகளைக் கூட்டிக் கழித்து, கிடைக்கும் நிகர விசையை நிறை, முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனுக்குச் சமப்படுத்துங்கள். ஐந்தாவது, வந்த விடை உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சூத்திரம் நான்காம் படியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறோம்.

கிணற்றடிக்குச் செல்வோம். நீரோடு சேர்ந்து 12 கிலோகிராம் நிறையுள்ள வாளி ஒன்று கயிற்றில் தொங்குகிறது. கயிறு இராட்டினத்தின் மேலாகச் சென்று நம் கைக்கு வருகிறது. வாளியை ஒரே சீரான வேகத்தில் மேலே இழுக்கிறோம். கயிற்றின் இழுவிசை எவ்வளவு? மேலே செல்கிறதே, ஆகவே இழுவிசை வாளியின் எடையைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும் என்று பலரும் விடை கூறுவர். நம் கேள்வியைக் கேட்போம். பொருள் வாளி. அதனை இழுப்பவை இரண்டே: மேல்நோக்கிக் கயிறு, கீழ்நோக்கிப் பூமி. வேகம் மாறவில்லை, ஆகவே முடுக்கம் சுழி, ஆகவே நிகர விசையும் சுழி. எனவே கயிற்றின் இழுவிசை வாளியின் எடைக்குச் சரியாகச் சமம். 12ஐ 9.8ஆல் பெருக்க 117.6 நியூட்டன். வாளி அசையாமல் தொங்கும்போதும் இதே அளவுதான். சீரான வேகத்தில் கீழே இறங்கும்போதும் இதே அளவுதான்.

வாளியின் வேகம் ஏறும்போது நிலைமை மாறுகிறது. மேல்நோக்கி வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர் முடுக்கத்தோடு இழுத்தால், இழுவிசையிலிருந்து 117.6ஐக் கழித்தது 12, 0.5 இவற்றின் பெருக்கற்பலனாகிய 6 நியூட்டனுக்குச் சமம். ஆகவே இழுவிசை 123.6 நியூட்டன். இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். கயிறு பழையது, 150 நியூட்டனுக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150லிருந்து 117.6 போக எஞ்சுவது 32.4 நியூட்டன். அதனை 12ஆல் வகுத்தால் 2.7. வினாடிக்கு வினாடி 2.7 மீட்டருக்கு மிகுந்த முடுக்கம் தந்தால் கயிறு அறும். அவசரப்பட்டுச் சுண்டி இழுக்கும்போது கயிறு அறுந்து வாளி கிணற்றில் விழுவதன் காரணம் இதுவே. நிதானமாக இழுக்கும் பாட்டியின் கையில் அதே கயிறு இன்னும் பல நாள் உழைக்கிறது.

அடுத்தது மாட்டு வண்டி. மூன்றாம் விதியைக் கற்ற மாணவனைத் திகைக்க வைக்கும் பழைய புதிர் இது. மாடுகள் வண்டியை எவ்வளவு விசையோடு முன்னே இழுக்கின்றனவோ, அதே விசையோடு வண்டி மாடுகளைப் பின்னே இழுக்கிறது. இரண்டும் சமமானால் ஒன்றையொன்று அழித்துவிடாவா? வண்டி நகர்வது எப்படி?

முதற்படியை மறந்ததால் வந்த குழப்பம் இது. ஒரே பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றோம். வண்டியை மட்டும் எடுங்கள். நுகத்தடி அதனை முன்னே இழுக்கிறது. சக்கரங்களின் உராய்வு பின்னே தடுக்கிறது. முன்னது மிகுந்தால் வண்டி நகரத் தொடங்கும். வண்டி மாடுகளின் மீது செலுத்தும் விசைக்கு இக்கணக்கில் இடமே இல்லை. அது மாடுகளின் கணக்கைச் சேர்ந்தது. இனி மாடுகளை மட்டும் எடுங்கள். நுகத்தடி அவற்றின் கழுத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. முன்னோக்கித் தள்ளுவது எது? தரைதான்! மாடுகள் குளம்பால் தரையைப் பின்னே உதைக்கின்றன. தரை அவற்றை முன்னே தள்ளுகிறது. சேறும் சகதியுமான வழியில் வலிமை மிக்க மாடுகளும் வழுக்கித் திணறுவது இதனால்தான். அவற்றின் வலிமை அங்கே குறையவில்லை. திருப்பித் தள்ள வேண்டிய தரை தன் கடமையில் தவறிவிடுகிறது. வினையும் எதிர்வினையும் எப்போதும் வெவ்வேறு பொருள்களின் மீது செயற்படுகின்றன. ஆகவே அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை.

விடையைச் சரிபார்ப்பது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கேம்பிரிட்ஜில் விரிவுரையாற்றிய ஜார்ஜ் அட்வுட் என்னும் ஆங்கிலேயர் 1784ஆம் ஆண்டில் ஒரு கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஒரு கப்பி, அதன் மேலாகச் செல்லும் ஒரு நூல், நூலின் இருமுனையிலும் ஏறத்தாழ ஒத்த இரு நிறைகள். ஒருபுறம் 5.1 கிலோகிராமும் மறுபுறம் 4.9 கிலோகிராமும் இருப்பதாகக் கொள்வோம். கப்பியின் உராய்வையும் கப்பி, நூல் இவற்றின் நிறையையும் புறக்கணிப்போம். பெரிய நிறைக்குக் கீழ்த்திசையையும் சிறிய நிறைக்கு மேல்திசையையும் கூட்டல் திசையாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சமன்பாடு எழுதிக் கூட்டினால், நூலின் இழுவிசை நீங்கிவிடும். எடைகளின் வேறுபாடு 1.96 நியூட்டன், அது மொத்தம் 10 கிலோகிராமை இயக்குகிறது. முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.196 மீட்டர். தடையின்றி விழும் கல் முதல் வினாடியில் 4.9 மீட்டர் விழும். இங்கோ அந்நிறை 10 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே இறங்குகிறது. கலிலியோ சாய்தளத்தால் செய்ததை அட்வுட் எதிர்நிறையால் செய்தார்.

விடை சரிதானா என்று எவ்வாறு அறிவது? எல்லைகளில் நிறுத்திப் பாருங்கள். இரு நிறைகளும் சமமானால் வேறுபாடு சுழி, முடுக்கமும் சுழி. அப்படித்தானே இருக்க வேண்டும். ஒருபுறம் நிறையே இல்லை என்றால் மற்றது 9.8 என்ற முழு முடுக்கத்தோடு விழும்; அதுவும் பொருந்துகிறது. நூலின் இழுவிசையைக் கணக்கிட்டால் 48.98 நியூட்டன் வருகிறது. இது ஏறும் நிறையின் எடையாகிய 48.02ஐவிட மிகுதி, இறங்கும் நிறையின் எடையாகிய 49.98ஐவிடக் குறைவு. ஏறுவதை ஏற்றவும், இறங்குவதை இறங்கவிடவும் வேண்டுமானால் அப்படித்தான் இருக்க வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமலேயே நம் விடையை நாமே சோதித்துவிட்டோம்.

இறுதியாக, மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒன்று அடங்கியுள்ள கணக்கைச் சொல்கிறேன். ஒரு பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. மணிக்குக் கிலோமீட்டரை 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு மீட்டர் கிடைக்கும். ஆகவே வினாடிக்கு 10 மீட்டர். ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். சாலைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உராய்வுக் குணகம் 0.5 என்று கொள்வோம். பேருந்தை எடுத்துக்கொண்டு கேள்வியைக் கேளுங்கள். பூமி கீழே இழுக்கிறது, சாலை மேலே தாங்குகிறது, இவ்விரண்டும் சமம். கிடையாக இருக்கும் விசை, சாலை பின்னோக்கிச் செலுத்தும் உராய்வு ஒன்றே. காற்றின் தடையை விட்டுவிடுவோம். உராய்வு விசை எடையில் பாதி. அதனை நிறையால் வகுத்தால் வேகம் குறையும் வீதம் வினாடிக்கு வினாடி 4.9 மீட்டர்.

பேருந்தின் நிறை எவ்வளவு என்று நாம் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நிறை மிகுந்தால் உராய்வும் மிகும். நிறுத்துவதற்குத் தேவையான விசையும் அதே அளவு மிகும். நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. விழும் பொருள்களிலும் இதே கதைதான். 1971ஆம் ஆண்டு அப்பலோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவின் மேல் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக நழுவவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

பேருந்து நிற்கும் தூரத்தைக் காண்போம். வேகத்தின் வர்க்கத்தை, முடுக்கத்தைப்போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். 100ஐ 9.8ஆல் வகுத்தால் 10.2 மீட்டர். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டரானால், அதாவது இருமடங்கானால், 400ஐ 9.8ஆல் வகுக்க வேண்டும், 40.8 மீட்டர். வேகம் இருமடங்கு, தூரம் நான்கு மடங்கு. இதனோடு, கண் கண்டதும் கால் பிரேக்கை அழுத்துவதற்குள் கழியும் ஒரு வினாடியையும் சேருங்கள். அந்த ஒரு வினாடியில் முதற்பேருந்து 10 மீட்டரும், இரண்டாவது 20 மீட்டரும் கடந்துவிடும்.

இப்போது 30 மீட்டருக்கு முன்னால், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வருகிறது. 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்த பேருந்து 20.2 மீட்டரில் நின்றுவிடும். குழந்தைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 10 மீட்டர் இடைவெளி இருக்கும். 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததோ? முதல் 20 மீட்டர் பிரேக் படாமலேயே போய்விட்டது. எஞ்சியது 10 மீட்டர். வேகத்தின் வர்க்கமாகிய 400லிருந்து 98ஐக் கழித்தால் 302. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 17.4. அதாவது குழந்தை நிற்கும் இடத்தை அடையும்போது அப்பேருந்தின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டருக்கும் அதிகம். வேகத்தை இருமடங்காக்கியவர் ஆபத்தையும் இருமடங்குதான் ஆக்கியிருப்பார் என்று நாம் எண்ணியிருப்போம். ஒருவர் தாராளமாக நிறுத்திவிட்ட இடத்துக்கு அப்பால், மற்றவர் ஏறத்தாழப் பழைய வேகத்திலேயே பாய்ந்துவிடுகிறார். மழை பெய்து சாலை நனைந்தால் உராய்வு இன்னும் குறையும். தூரம் இன்னும் நீளும். ஓட்டுநர் எவ்வளவு திறமையுடையவராயினும் சாலை தர இயலாத விசையை அவரால் பெற முடியாது.

நண்பர்களே, நீங்கள் அனைவரும் இயற்பியல் அறிஞர்கள் ஆகப் போவதில்லை. ஆனால் நீங்கள் அனைவரும் சாலையில் நடப்பீர்கள். பலர் வண்டி ஓட்டுவீர்கள். "தள்ளுவது எது? இழுப்பது எது?" என்று கேட்கப் பழகிய மனம், தேர்வுக்கூடத்தில் மட்டுமன்று, அங்கும் உங்களுக்குத் துணை நிற்கும்.

விடைபெறுமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. 60 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் மின்தூக்கிக்குள் ஓர் எடை பார்க்கும் கருவியின் மேல் நிற்கிறார். மின்தூக்கி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் கீழ்த்தளம் நெருங்குவதால் வினாடிக்கு வினாடி 1.2 மீட்டர் வீதம் வேகம் தணிகிறது. கருவி அவருடைய எடையைக் கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா? எவ்வளவு காட்டும்? விடையை நான் சொல்லப் போவதில்லை. மாணவரை மட்டும் தனியே பிரித்து வையுங்கள். அவரைத் தள்ளுவது எது, இழுப்பது எது என்று பெயர் சொல்லுங்கள். அவர் எந்தத் திசையில் செல்கிறார் என்பதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள்; அவருடைய வேகம் எந்தத் திசையில் மாறுகிறது என்பதைப் பாருங்கள். உச்சியில் நின்ற கல்லைக் கண்டு நான் மயங்கியதுபோல் நீங்கள் மயங்க வேண்டியதில்லை.